பூட்டுப் போட்ட ஃபைல்

வாடிக்கையாளர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்த ஃப்ளாப்பியைக் கேட்டு வாங்கி, அதன் தகரத் தகட்டைப் பிய்த்து, உள்ளேயிருந்த கறுப்பு வட்டத்தை அவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கினாள். அவள் கடையில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான்தான் கடை முதலாளி.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தம் ஊர்க் கோயிலைப் பற்றி எண்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதி எங்களிடம் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தார். வெட்டுப்பட்ட துண்டுகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது, அராஜகமா இருக்கே?"

"கோச்சிக்காதீங்க சார். அதுல இருந்தது தொறந்த ஃபைலு. அத்த எவன் கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் அவன்கிட்ட கீற எழுத்துலதான் தொறக்கும். நீங்க இன்னா எழுதினீங்களோ அது அங்க இன்னாவா மாறுமோ, யாரு கண்டா? தோ, குந்துங்க. பூட்டு போட்டுத் தரேன், எடுத்துகினு போங்க."

மனிதர் உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரத்தில் இரண்டு ஃப்ளாப்பியில் வேறு ஃபைலைப் போட்டுக் கொடுத்து, "இனிமே மாறாது" என்றாள். அந்தத் திறந்த ஃபைலை அவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தது நான்தான். அது அவளுக்குத் தெரியும். நறுக்கியதை மட்டும் கூட்டிப் பெருக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டருமாக அந்தக் கடையை நடத்திவந்தேன். என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். அவள் பாரிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இருபத்திரண்டு வயது. பூந்தமல்லியில் டைப்பும் கம்ப்யூட்டரும் படித்தவள். நான் 'மா' என்பேன், அவள் 'அக்கா' என்பாள்.

அந்தக் காலத்து நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அமைத்து முடித்ததும் அதை அச்சகத்துக்கு அனுப்ப எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. நாங்கள் வேலை செய்த ஃபைலையே அப்படியே கொடுப்பது ஒன்று. அது சின்னது, ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும், அச்சகத்தில் அதைத் திறந்து திருத்தவும் முடியும். ஆனால் அங்கே நம் எழுத்துரு இருக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்களில் அன்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. இங்கே 'க' இருக்கும் இடத்தில் அங்கே 'ழு' இருக்கும். இன்னொரு வழி, அச்சுக்கான கட்டளையாகவே மாற்றி எழுத்து வடிவத்தையும் உள்ளே புதைத்து அனுப்பும் ஃபைல். அதைத் திறந்து ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. ஆனால் பூதம் மாதிரிப் பெரியது. படம் இருந்தால் பத்து, பன்னிரண்டு ஃப்ளாப்பியில் துண்டு போட்டு ஏற்ற வேண்டும். ஒரு துண்டு கெட்டாலும் மொத்தமும் போச்சு. ஊரில் பாதிப்பேர் முதல் வழியில்தான் போனார்கள்.

அவள் முதலாவதைத் 'தொறந்த ஃபைலு' என்றாள். இரண்டாவது 'பூட்டினது'. கடையில் சேர்ந்த நாளிலிருந்து பூட்டாத ஒன்றை அவள் வெளியே அனுப்பியதில்லை.

ஃபைலில் மட்டும் இல்லை இந்தக் குணம். எந்தப் படிவத்திலும் காலி இடம் இருந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவாள். என் மகனின் பள்ளிப் படிவத்தில் 'பிற விவரங்கள்' என்ற இடத்தில் அவள் கோடு இழுத்துவிட, பள்ளியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புத்தகத்தின் கடைசிப் பிரதியை லேசரில் எடுத்து, எழுதியவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவாள். முந்நூறு பக்க ஜோதிடப் புத்தகம் எழுதிய ஒருவர், பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "விரல் மரத்துப் போச்சும்மா" என்றார்.

"காபி சொல்லியிருக்கேன் சார். குடிச்சிட்டு மீதிய போடுங்க."

அவர் போட்டார். எல்லாவற்றையும் நூலால் கட்டி, மேலே தேதி எழுதி, அலமாரியில் வைத்து, "ஆச்சா? இனிமே மாறாது இல்ல?" என்று கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்டாளா, கட்டைப் பார்த்துக் கேட்டாளா என்று தெரியவில்லை.

ஒருமுறை என் கணவர், வீட்டில் ஒரு விசேஷத்துக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, பிறகு கீழே இருந்த மருந்துக் கடைப் பையன் மூலம் பன்னிரண்டு என்று சொல்லி அனுப்பினார். அவள் பத்துக்கே வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். "பத்துன்னுதானே சொன்னீங்க, மாத்தினத நீங்க சொல்லலியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ இறுகிப் போயிருப்பதாகத் தோன்றும். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "உனக்கு ஏம்மா இவ்வளவு சந்தேகம்?"

டிபன் பாக்ஸில் மீதியிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க நைனா கூலி வேலைக்குப் போனவரு. ஏரிக்கு இந்தாண்ட சின்னதா ஒரு மனை, அதுல ஊடு. கரண்டு கனெக்சன் வாங்கித் தரேன்னு ஒருத்தன் வந்தான். கைநாட்டு வெச்சாரு. பேப்பர்ல மேல பாதி காலியா இருந்துச்சாம். நான் அப்ப அஞ்சாங்கிளாஸ்."

"அப்புறம்?"

"அப்பால இன்னா? கரண்டு வர்ல. ஆளுங்க வந்தாங்க. மனைய வித்துட்டதா எழுதி வெச்சிருந்தான். பன்னெண்டாவது முடிச்சப்புறம் நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போயி அந்தப் பேப்பர எடுத்துப் பாத்தேன்க்கா. கைநாட்டு நைனாவுதுதான். பொய்யில்ல. மேல கீற எழுத்துதான் வேற."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். ஒரு குடும்பத்தை வீதிக்குத் தள்ள ஒரு தாளின் காலி இடம் போதும் என்பதை அவள் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னாள்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கையேடு வந்தது. பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை செய்த ஒரு சின்னத் தொண்டு அமைப்பு, தன் சுகாதாரத் தொண்டர்களுக்காகத் தயாரித்தது. முப்பத்திரண்டு பக்கம், இரண்டு வண்ணம், நிறையப் படங்கள். காய்ச்சல், பேதி, சளி, எதற்கு என்ன செய்வது, எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து, எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றெல்லாம் எளிமையாக எழுதியிருந்தார்கள். அவள் அந்த வேலையைச் செய்தபோது முகமே வேறாக இருந்தது. மருந்து அட்டவணை இருந்த பதினான்காம் பக்கத்தை, அமைப்பின் நர்ஸம்மாவை உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி, மூன்று முறை ஒத்துப் பார்த்தாள். செயலாளர் வந்து முப்பத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அவள் செவ்வாய்க்கிழமை மாலை பூட்டின ஃபைலைப் பதினோரு ஃப்ளாப்பியில் ஏற்றி, எண் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி என் மேசையில் வைத்தாள். மறுநாள் அவளுக்கு விடுப்பு. அவள் அக்காவைத் திருவேற்காட்டில் ஓர் ஆட்டோக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் பெண் குழந்தைக்குக் கோயிலில் காது குத்து.

புதன்கிழமை நான் அவற்றை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். தொழிற்பேட்டையில் அச்சகம். அப்படி ஒரு மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த தூரத்தில் குடை மடங்கிப் போய்ப் பையெல்லாம் நனைந்துவிட்டது. அச்சகத்தில் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவதைக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. துடைத்துப் போட்டார்கள், உதறிப் போட்டார்கள். கொர் கொர் என்று சத்தம் மட்டும் வந்தது.

அச்சக உரிமையாளர் நல்ல மனிதர்தான். "இன்னா மேடம், இதுக்குப் போயி பேஜாராவுறீங்க? தொறந்த ஃபைல ஒரே ஃப்ளாப்பில குடுத்தா முடிஞ்சுது. உங்க எழுத்துதான் எங்ககிட்டயும் கீது. அதே கம்பெனி, அதே பேரு. இன்னிக்கு பிளேட்டு போட ஃபிலிம் எடுக்கலன்னா ஞாயித்துக்கிழமைக்கு புக்கு கிடையாது, சொல்ட்டேன்" என்றார்.

என் கைப்பையில் திறந்த ஃபைல் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. திரையில் திறந்து முப்பத்திரண்டு பக்கத்தையும் என் கண்ணால் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதினான்காம் பக்கத்தையும் பார்த்தேன். அட்டவணை அழகாக இருந்தது. எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கோயில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள்.

"பூட்டினதுதானேக்கா போச்சு?"

"ஆமா."

"பதினொன்னையும் படிச்சுதா?"

"படிச்சுது."

இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறை பொய் சொன்னேன். வாதம் பண்ணச் சோம்பல், வேறு காரணம் எதுவும் கிடையாது. நான் முதலாளி, இவளுக்கு ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வீம்பு.

சனிக்கிழமை புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்துப் பத்துப் பிரதியாவது புரட்டுவாள் என்று நினைத்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயம். அவள் அட்டையைத் தடவிப் பார்த்ததோடு சரி. "பூட்டினது போயிருக்குதே, இனி இன்னா பாக்கறது" என்றாள். தனக்கென்று ஒரே ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு என்றாள். "கொயந்த கீற ஊட்டுல இருக்க வேண்டிய புக்கு."

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மாடிப்படி ஏறி வந்தாள். தலை வாரவில்லை. முதல்நாள் கட்டிய புடவை. என்னிடம் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, செயலாளர் கையெழுத்துப் போட்ட கட்டை எடுத்தாள். நூலை அவிழ்த்துப் பதினான்காம் பக்கத்தை உருவி மேசையில் வைத்தாள். பக்கத்தில் அச்சான கையேட்டை விரித்து வைத்தாள். அதன் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

"பாருங்கக்கா."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலை வைத்தாள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் மாத்திரை. கையெழுத்துப் போட்ட தாளில் ¼ என்று இருந்தது. அச்சான புத்தகத்தில் ¾.

கால் இருந்த இடத்தில் முக்கால்.

"நாலு வேள, ரெண்டு நாளு" என்றாள். "எங்க அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கும். புக்குல போட்டிருக்குதேன்னு கொடுத்துகினே இருந்திருக்குது. மூணாம் நாளு கொயந்த தொவண்டு போச்சு. பால் குடிக்கல. கண்ணு தொறக்கல. பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் கத்துறாரு, எந்த முட்டாள் சொன்னான் முக்கால்னு. எங்க அக்கா இந்தப் புக்க எடுத்து நீட்டுச்சு. நான் பக்கத்துல நிக்கறேன்."

எழுத்துரு மாறினால் கொச கொசவென்று குப்பையாகத் தெரியும், யார் கண்ணிலும் பட்டுவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அச்சகத்தில் இருந்தது அதே பெயரில் பழைய எழுத்துரு என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லா எழுத்தும் ஒன்றேதான். பின்ன எண்கள் இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன. தப்பு, தப்பு மாதிரியே தெரியவில்லை. யார் படித்தாலும் சரியான தமிழாக, தெளிவான அச்சாக, நம்பும்படியாக இருந்தது.

"எந்த ஃபைலு போச்சுக்கா?"

குரலை உயர்த்தவில்லை. இரண்டு முறை கேட்டவள், மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"தொறந்தது" என்றேன்.

அவள் என்னை அடித்திருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள். "குழந்தை எப்படி இருக்கு?" என்று நான் கேட்டதற்கு, "குளுகோஸ் ஏத்துறாங்க. இன்னும் சொல்லல" என்றாள். "எத்தினி புக்கு வெளிய போயிருக்குது? அத்த மொதல்ல பாக்கணும்."

அன்று பிற்பகலே தொண்டு அமைப்பின் அலுவலகத்தில் கூடினோம். செயலாளர், நர்ஸம்மா, அச்சக உரிமையாளர், நான், அவள். செயலாளர் பெரியவர். புத்தகத்தைப் பதினான்காம் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தார்.

"எப்படி நடந்தது?" என்றார்.

அச்சக உரிமையாளர் முந்திக்கொண்டார். "நாங்க இன்னா சார் பண்ணோம்? வந்த ஃபைல அப்டியே அடிச்சோம். டைப் அடிச்ச பொண்ணு தப்பா அடிச்சிருக்கும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் பேசியிருக்க வேண்டும். கடை போய்விடும், பெயர் போய்விடும், போலீஸ் வந்துவிடும், கணவர் வேலைக்கு என்ன ஆகும், இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை ஓடவில்லை. அதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் பையிலிருந்து கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துச் செயலாளர் முன்னால் வைத்தாள். "நான் அடிச்சது இது சார். உங்க கையெழுத்து கீது பாருங்க."

"கால்னுதான் இருக்கு" என்றார் அவர். "அப்ப இது எப்படி இப்படி ஆச்சு?"

அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டிருக்கலாம். "அக்கா சொல்வாங்க" என்று என்னைக் காட்டினாள். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பிறகு நான் சொன்னேன். மழை, ஒன்பதாவது ஃப்ளாப்பி, கைப்பை, அவள் கேட்டது, நான் இரண்டு முறை பொய் சொன்னது, எல்லாம். சொல்லி முடித்தபோது நர்ஸம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. செயலாளர் போலீசைப் பற்றிப் பேசவில்லை. "முதல்ல புத்தகத்தை எல்லாம் திரும்பக் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து நானும் அவளும் போனோம். ஷேர் வேனில், பஸ்ஸில், நடந்து. பாரிவாக்கம், திருவேற்காடு, திருமழிசையின் உள்தெருக்கள். தொண்டர்களிடம் இருந்த கட்டுகள் சீக்கிரம் வந்துவிட்டன. ஆனால் திருமழிசையில் ஒரு தொண்டரம்மா, நாங்கள் கேட்டதும் புத்தகத்தைத் தந்துவிட்டு, கைகளை மடியில் துடைத்துக்கொண்டே, "புக்கு இந்தாமே. ஆனா நான் போன வாரமே கூட்டம் போட்டு எல்லாப் பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டேனே. முக்கால், முக்கால்னு மனப்பாடமே பண்ண வெச்சேனே" என்றார்.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தோம். அது ஏற்கெனவே வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் உட்காரவில்லை. "யார் யாருன்னு பேரு சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள். "கால் மாத்திர! முக்கால் இல்ல, கால்! எங்க, நீ சொல்லு, கேக்கறேன்" என்று திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். வேலைக்குப் போயிருந்தவர்களுக்காக மாலை வரை காத்திருந்தாள். ஒரு தெருவில் அம்மன் கோயிலில் ஏதோ பூஜைக்கு மைக் கட்டியிருந்தார்கள். பூசாரியிடம் போய்க் கேட்டு வாங்கி, அதிலும் சொன்னாள். கடையில் குரல் உயர்த்திப் பேசாத பெண், ஊர் கேட்க மைக்கில், "புக்குல தப்பா அச்சாயிடுச்சு, மன்னிச்சிக்குங்க, கால் மாத்திரதான்" என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். யாரால் தப்பாக அச்சானது என்று அவள் மைக்கில் சொல்லவில்லை.

வேறு எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரங்களில் பெரிதாகக் காய்ச்சல் பரவவில்லை, அவ்வளவுதான்.

அவள் அக்காவின் குழந்தை ஒன்பதாம் நாள் கண் திறந்து பால் கேட்டது. ஈரலில் கொஞ்சம் பாதிப்பு, கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் அக்காவின் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏசவில்லை. குழந்தையை மட்டும் மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டாள்.

எல்லாப் புத்தகமும் வந்து சேர்ந்து, அவற்றை அறுத்துக் கூழாக்க அனுப்பி, திருத்திய புத்தகம் பூட்டின ஃபைலிலிருந்து அச்சாகி வந்த பிறகு, அவள் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"நான் நின்னுக்கறேன்க்கா."

"கோபமா?" என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் திட்டு. போகாதே."

"கோவம் இல்லக்கா. தப்பு ஆர் வேணா பண்ணுவாங்க. ஃப்ளாப்பி கெட்டுச்சு, மழ, அவசரம், அதெல்லாம் புரியுது. அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் புக்கு வந்தவுடனே ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தா பாத்திருப்பேன். நான் கேட்டேன். நீங்க ஆமான்னீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இனிமே நீங்க ஆமான்னு சொல்லும்போதெல்லாம் நான் போயி பாத்துட்டு வரணும். அப்டி பாத்துகினே ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எப்டிக்கா வேல செய்யறது?"

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

நான் கடையை மூடவில்லை. அவளைப் போலவே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். பூட்டின ஃபைலைத் தவிர வேறு எதையும் அனுப்பவில்லை. சில வருஷத்தில் சி.டி. வந்தது, எழுத்தை உள்ளே வைத்து அளவும் சிறியதாக ஒரு புதுவகை ஃபைல் வந்தது. பதினோரு ஃப்ளாப்பி என்று சொன்னால் புதிதாக வந்த பெண்கள் சிரித்தார்கள்.

தொண்ணூறுகள் முடியும் நேரம். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். சற்றுப் பூசியிருந்தாள். ஒரு பெரிய அச்சகத்தில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு சீருடையில் ஒரு சின்னப் பெண் நின்றாள். இரட்டை ஜடை, காதில் சின்னத் தோடு. யாரென்று நான் கேட்கவில்லை.

அவளே குனிந்து அந்தப் பெண்ணிடம், "உனக்குச் சொல்லியிருக்கேன் இல்ல? தப்பான புக்கு. அத்த அனுப்ச்சவங்க இவங்கதான்" என்றாள்.

அந்தக் குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. பயமோ வெறுப்போ இல்லாமல், கதையில் வருகிற ஒருவரை நேரில் பார்ப்பது மாதிரிப் பார்த்தது. பிறகு சித்தியின் புடவையை இழுத்து, எனக்கும் கேட்கும்படி, "உண்மைய ஒத்துகினாங்கன்னு சொல்வியே, அந்த ஆன்ட்டியா?" என்றது.

"அவங்களேதான்" என்றாள் அவள்.